எண் பொருந்தினால் போதுமா?

டாட் நெட் ஃப்ரேம்வொர்க்கில் எழுதிய வலைச்செயலியைச் சர்வரில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த வெளிர்மஞ்சள் பிழைப் பக்கம் தெரியும். இந்தக் கோப்பையோ அசெம்பிளியையோ, அல்லது அது சார்ந்திருக்கும் வேறொன்றையோ ஏற்ற முடியவில்லை. கிடைத்த அசெம்பிளியின் விவரம் கேட்ட ரெஃபரன்ஸோடு பொருந்தவில்லை என்று அது சொல்லும். ‘பின்’ ஃபோல்டரைத் திறந்தால் அந்த டிஎல்எல் அங்கேயேதான் இருக்கும். எழுதியவரின் கணினியில் ஓடும், சர்வரில் ஓடாது. நேற்றுவரை ஓடியது, ஒரு நியூகெட் பேக்கேஜைப் புதுப்பித்ததும் நின்றுபோகும். அலுவலகத்தில் அப்போது வரும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: எழுதியவரின் கவனக்குறைவு. யாரோ ஒரு ரெஃபரன்ஸை விட்டுவிட்டார், யாரோ தவறான பதிப்பை ஏற்றிவிட்டார்.

அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அனுபவம் உள்ளவர்களும் புதிதாக வந்தவர்களும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பிழையில் சிக்குகிறார்கள் என்றால், ஆளை விட்டுவிட்டு வடிவமைப்பைத்தான் விசாரிக்க வேண்டும். பதிப்பு எண்ணை டாட் நெட் ஃப்ரேம்வொர்க் எப்படிக் கையாண்டது, அதில் எது நியாயம், எது பிழை, பின்னால் வந்த டாட் நெட் கோர் எதைத் திருத்தியது, எதை இழந்தது என்பதே இங்கு எடைபோட வேண்டியது.

முதலில் நியாயமான பக்கம். 2002-இல் டாட் நெட் வெளிவந்தபோது விண்டோஸ் உலகம் டிஎல்எல் சண்டையில் நொந்துபோயிருந்தது. ஒரு மென்பொருளை நிறுவினால் அது கணினிக்குப் பொதுவான ஒரு டிஎல்எல்லின் மேல் தன் பதிப்பை எழுதிவிடும். அதுவரை ஒழுங்காக ஓடிய வேறொரு மென்பொருள் காரணம் தெரியாமல் படுத்துவிடும். இதற்கு டாட் நெட் சொன்ன விடை, ஒவ்வொரு அசெம்பிளிக்கும் உறுதியான அடையாளம். பெயர், நான்கு பகுதி கொண்ட பதிப்பு எண், மொழிக் குறி, வெளியிட்டவரின் பொதுத் திறவுகோலின் சுருக்கம் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் ஓர் அசெம்பிளி. அப்படிக் கையொப்பமிட்ட ஒன்றை 4.0.0.0 என்று கேட்டுத் தொகுத்திருந்தால், ஓடும்போதும் 4.0.0.0-தான் வேண்டும். 4.0.0.1 கிடைத்தாலும் இயங்குதளம் அதை ஏற்காது.

இந்தக் கண்டிப்பைத்தான் பலர் குற்றம் சொல்கிறார்கள். நான் இதில் மைக்ரோசாஃப்டின் பக்கம். ஊதியக் கணக்கோ மருத்துவமனைப் பதிவோ நடக்கும் ஒரு செயலியில், தொகுத்தபோது பார்க்காத ஒரு நூலகம் சத்தமில்லாமல் உள்ளே வந்து வேறு விதமாகக் கணக்கிடுவதைவிட, செயலி நின்றுபோவதே மேல். நின்றுபோனால் யாராவது வந்து பார்ப்பார்கள். தவறான எண்ணோடு ஓடிக்கொண்டே இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் இந்தக் கண்டிப்பு நேரத்துக்கு வேலை செய்யவில்லை. ரெஃபரன்ஸ் பொருந்துகிறதா என்ற சோதனை, செயலி தொடங்கும்போது மொத்தமாக நடப்பதில்லை. ஒரு மெத்தட் முதன்முதலாக இயக்கக் குறியீடாக மாற்றப்படும்போதுதான் அதற்குத் தேவையான அசெம்பிளி தேடப்படுகிறது. அதனால் முகப்புப் பக்கம் திறக்கும், லாகின் நடக்கும், பட்டியல்கள் வரும். மாதக் கடைசியில் யாரோ ஒருவர் எக்செல் அறிக்கைக்கான பட்டனை அழுத்தும்போது மஞ்சள் பக்கம் வரும். வாசலில் நிற்க வேண்டிய சோதனையை நடு வீட்டில் வைத்தது முதல் குறை. டிப்ளாய் செய்தவர் இரண்டு பக்கங்களைத் திறந்து பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று போனதற்கு அவர் மேல் மட்டும் பழி போட முடியாது.

அடுத்தது பிழைச் செய்தி. “அல்லது அது சார்ந்திருக்கும் வேறொன்றையோ” என்ற அந்தத் துண்டு எத்தனை மாலைகளைத் தின்றிருக்கிறது! செய்தி பெயர் சொல்லும் டிஎல்எல் கண்ணெதிரே இருக்கிறது. உண்மையில் காணாமல் போனது அதற்கு அடுத்த படியில், பெயர் சொல்லப்படாத ஒன்று. முதல் வரி ஒன்றாக இருந்தாலும் பின்னால் வரும் பிழை எண்ணைப் பொறுத்து காரணம் முற்றிலும் மாறும். 80131040 என்று முடிந்தால் கோப்பு கிடைத்தது, அடையாளம் பொருந்தவில்லை. 80070002 என்றால் கோப்பே கிடைக்கவில்லை. 8007000பி என்றால் 32 பிட், 64 பிட் தகராறு. ஐஐஎஸ் அப்ளிகேஷன் பூலில் 32 பிட் அனுமதியைப் பார்க்க வேண்டும். இந்த வேறுபாட்டை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லாததால், மூன்றுக்கும் ஒரே வைத்தியமாக டிஎல்எல்லைத் தேடி எடுத்து ‘பின்’ ஃபோல்டரில் போடும் பழக்கம் வந்தது.

இதில் வருத்தம் தருவது, சரியான தகவல் அந்த அமைப்புக்குள்ளேயே இருந்தது என்பது. ஃபியூஷன் என்ற பிணைப்புப் பகுதி, எந்த அசெம்பிளி கேட்டது, எந்தப் பதிப்பைக் கேட்டது, எந்த கான்ஃபிக் கோப்பு அதை மாற்றியது, எங்கெங்கே தேடியது, பதிப்பின் எந்தப் பகுதியில் முரண்பட்டது என்று வரிசையாக எழுதக்கூடியது. அதிலே “அழைத்த அசெம்பிளி” என்று ஒரு வரி வரும். பாதிக் குழப்பம் அந்த ஒரு வரியிலேயே தீர்ந்துவிடும். ஆனால் அந்தப் பதிவு, வேகம் குறையும் என்பதற்காக, இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மஞ்சள் பக்கமே கீழே, பதிவு அணைந்திருக்கிறது, ரெஜிஸ்ட்ரியில் இந்த மதிப்பை 1 ஆக்குங்கள் என்று சொல்கிறது. வாடிக்கையாளரின் சர்வரில், ரெஜிஸ்ட்ரியைத் தொட அனுமதி இல்லாத ஒருவருக்கு இந்த அறிவுரையால் என்ன பயன்? தோல்வி நடந்த அந்த ஒரு பிணைப்புக்கு மட்டுமாவது முழு விவரத்தைத் தானாக எழுதி வைத்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னவை சோதனை நடக்கும் நேரத்திலும் சொல்லும் விதத்திலும் உள்ள குறைகள். அடிப்படையான குறை பதிப்பு எண்ணின் நம்பகத்தில் இருக்கிறது.

ஒரு நூலகத்துக்கு நடைமுறையில் மூன்று எண்கள் உண்டு: நியூகெட் பேக்கேஜின் எண், அசெம்பிளியின் எண், கோப்பின் எண். இயங்குதளம் பார்ப்பது இரண்டாவதை மட்டும். ஏறக்குறைய எல்லாருடைய செயலியிலும் இருக்கும் நியூட்டன்சாஃப்ட் ஜேசானை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆசிரியர் ஜேம்ஸ் நியூட்டன்-கிங், பெரிய பதிப்பு மாறும்போது மட்டுமே அசெம்பிளி எண்ணை மாற்றுகிறார். பேக்கேஜ் 12.0.1 ஆனாலும் 12.0.3 ஆனாலும் அசெம்பிளி 12.0.0.0-தான். மைக்ரோசாஃப்டின் எம்விசி நூலகமோ, பேக்கேஜ் 5.2.3 என்றால் அசெம்பிளி 5.2.3.0, பேக்கேஜ் 5.2.7 என்றால் 5.2.7.0 என்று ஒவ்வொரு சிறு வெளியீட்டுக்கும் எண்ணை மாற்றுகிறது. முன்னதில் சிறு திருத்தங்கள் யாரையும் உடைக்காமல் உள்ளே வரும். ஆனால் சர்வரில் எந்தத் திருத்தம் இருக்கிறது என்பதை அசெம்பிளி எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. பின்னதில் அடையாளம் துல்லியம். ஆனால் அதை நம்பியிருக்கும் மற்ற நூலகங்கள் ஒவ்வொரு முறையும் முரண்படும். ஆயிரம் நூலகங்கள் சார்ந்து நிற்கும் ஒன்றுக்கு நியூட்டன்-கிங்கின் வழியே சரி என்பேன். அவர் எண்ணை ஒரு வாக்குறுதியாக நடத்துகிறார்: இந்த எண் மாறாதவரை உங்கள் செயலி உடையாது.

இனி பெரிய முரண். மற்றவர்களிடம் நான்கு இலக்கமும் பொருந்த வேண்டும் என்று கேட்ட மைக்ரோசாஃப்ட், தன் சொந்த ஃப்ரேம்வொர்க்கை அந்த விதியிலிருந்து விலக்கிக்கொண்டது. 2010-இல் 4.0 வந்தது. 2012-இல் வந்த 4.5, அதன் பக்கத்தில் தனியாக உட்காராமல் அதே இடத்தில், அதன் மேலேயே உட்கார்ந்தது. அடிப்படை நூலகமான எம்எஸ்கார்லிப்பின் பதிப்பு அப்போதும் 4.0.0.0. உள்ளடக்கம் மட்டும் வேறு. எக்ஸ்டென்ஷன் மெத்தட்களைக் குறிக்கும் அட்ரிபியூட் 4.0-இல் சிஸ்டம்.கோர் அசெம்பிளியில் இருந்தது, 4.5-இல் எம்எஸ்கார்லிப்புக்கு நகர்ந்தது. 4.5-க்காகத் தொகுத்த ஒரு டிஎல்எல்லை, 4.0 மட்டும் இருக்கும் சர்வரில் போட்டால் என்ன ஆகும்? எண் பார்த்தால் எல்லாம் பொருந்தும்: கேட்டதும் 4.0.0.0, கிடைத்ததும் 4.0.0.0. பிணைப்பு வெற்றி. அதற்குப் பிறகு, எம்எஸ்கார்லிப் 4.0.0.0-இலிருந்து அந்த டைப்பை ஏற்ற முடியவில்லை என்ற பிழை வரும். அந்தச் செய்தியைப் படித்தவர் தன் சர்வரில் எம்எஸ்கார்லிப் 4.0.0.0 இருக்கிறதே என்று சரிபார்த்து இன்னும் குழம்புவார். இது கவனக்குறைவால் வந்த பிழையா?

இதே குழப்பம் இயங்குதள எண்ணிலும் தொடர்ந்தது. 4.0-இலிருந்து 4.8 வரை எல்லாவற்றுக்கும் 4.0.30319 என்றே ஃபோல்டர் பெயர். ஐஐஎஸ் மேனேஜரில் அப்ளிகேஷன் பூலைத் திறந்தால் 4.0 என்றுதான் காட்டும். சர்வரில் உண்மையில் இருப்பது 4.5-ஆ, 4.7.2-ஆ, 4.8-ஆ என்று அறிய ரெஜிஸ்ட்ரியில் ‘ரிலீஸ்’ என்ற மதிப்பைப் பார்க்க வேண்டும்: 378389 முதல் 4.5, 461808 முதல் 4.7.2, 528040 முதல் 4.8. சர்வர் நிர்வாகியிடம் “4.0 இருக்கிறதா?” என்று கேட்டால் அவர் “இருக்கிறது” என்பார். இருவரும் உண்மையே பேசுகிறார்கள், செயலி மட்டும் ஓடாது. ஒப்பிட்டால் 2.0-க்கும் 4.0-க்கும் இடையிலான பழைய தகராறு நேர்மையானது. 4.0 செயலியை 2.0 பூலில் போட்டால், டார்கெட் ஃப்ரேம்வொர்க் என்ற அட்ரிபியூட் எனக்குத் தெரியாது என்று சட்டென்று சொல்லிவிடும். பூலை மாற்றினால் தீர்ந்தது.

அதே இடத்தில் மேலே உட்காரும் முறைக்கும் ஒரு நியாயம் உண்டு. பாதுகாப்புத் திருத்தம் ஒரே இடத்தில் ஏறினால் கணினியில் உள்ள எல்லாச் செயலிகளுக்கும் சேரும். பழைய 4.0 செயலி புதிய 4.5-இன் மேல் ஓடும்போது உடையாமல் இருக்க, மைக்ரோசாஃப்ட் மிகுந்த உழைப்பைப் போட்டது. அதை மறுக்க முடியாது. அந்த உழைப்பின் ஒரு பகுதி வெப் கான்ஃபிக்கில் உள்ள எச்டிடிபி ரன்டைம் என்ற வரியில் இருக்கிறது. டார்கெட் ஃப்ரேம்வொர்க் என்ற அதே சொல் அந்தக் கோப்பில் இரண்டு இடங்களில் வரும். கம்பைலேஷன் வரியில் உள்ளது எதற்கு எதிராகத் தொகுப்பது என்பதைச் சொல்லும். எச்டிடிபி ரன்டைம் வரியில் உள்ளது எந்தப் பதிப்பின் நடத்தையோடு ஓடுவது என்பதைச் சொல்லும். இரண்டாவதை விட்டுவிட்டால், 4.8 இருக்கும் சர்வரிலும் செயலி 4.0-இன் பழைய பழக்கங்களோடே ஓடும். அசிங்க் முறையில் எழுதிய பகுதிகள் விநோதமாக நடக்கும். மறையாக்கத்தின் முறையும் பழையதாக இருக்கும். பிழைப் பக்கம் வராது, எச்சரிக்கையும் வராது. காணாமல் போன ரெஃபரன்ஸைவிட இந்த மௌனமான பொருத்தமின்மைதான் எனக்கு அச்சம் தருகிறது, ஏனென்றால் இதைத் தேடவேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வராது.

எல்லாச் செயலிகளும் பகிர்ந்துகொள்ள அசெம்பிளிகளை நிறுவிவைக்கும், கணினிக்குப் பொதுவான கிடங்கு என்ற யோசனை எந்த அளவுக்குப் பழுதானது என்பதை 2014 அக்டோபரில் நடந்தது காட்டியது. அந்த மாதம் 14-ஆம் தேதி, எம்விசி நூலகத்தில் இருந்த ஒரு பாதுகாப்புக் குறைக்கு எம்எஸ்14-059 என்ற திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அது விண்டோஸ் அப்டேட் வழியாகப் போனது. அந்தத் திருத்தம் எம்விசி 3-இன் அசெம்பிளி எண்ணை 3.0.0.0-இலிருந்து 3.0.0.1 ஆகவும், எம்விசி 4-இன் எண்ணை 4.0.0.0-இலிருந்து 4.0.0.1 ஆகவும் மாற்றியது. மறுநாள் காலையில் விஷுவல் ஸ்டுடியோவைத் திறந்த பலருக்கு, ஒரு வரி நிரலையும் மாற்றாமலே பில்ட் உடைந்திருந்தது. சிஸ்டம்.வெப் என்ற பெயர்வெளியில் எம்விசி என்று ஒன்று இல்லை என்றது கம்பைலர். எம்விசியைத் தன் செயலியோடு வைத்துக்கொள்ளாமல், கணினியின் பொதுக் கிடங்கில் நிறுவியதைச் சுட்டியவர்களே இதில் அடிபட்டார்கள். திருத்தம் ஏறிய கணினியில் தொகுத்து, டிஎல்எல்லை உடன் அனுப்பாமல், திருத்தம் ஏறாத சர்வருக்குக் கொண்டுபோனாலும் அதே கதிதான்: செயலி 4.0.0.1-ஐக் கேட்கும், அங்கே 4.0.0.0-தான் இருக்கும். தீர்வாக மைக்ரோசாஃப்ட் சொன்னது, எம்விசியை நியூகெட் பேக்கேஜாகச் சேர்த்துச் செயலியோடு வைத்துக்கொள்ளுங்கள் என்பது.

அந்த அறிவுரைதான் என் வாதத்துக்கு வலுவான சாட்சி. பொதுக் கிடங்கைக் கட்டியவர்களே அதை விட்டு வெளியே வரச் சொன்னார்கள். கண்டிப்பான அடையாள விதியும், யாரோ எப்போதோ மாற்றக்கூடிய பொது இடமும் ஒன்றாக வாழ முடியாது. விதி கண்டிப்பாக இருக்க வேண்டுமானால், அது சோதிக்கும் பொருள் செயலியின் கைக்குள் இருக்க வேண்டும்.

இனி மருந்து. பதிப்பு முரணுக்கு டாட் நெட் ஃப்ரேம்வொர்க் தந்த அதிகாரபூர்வமான மருந்து பைண்டிங் ரீடைரக்ட்: இன்ன பெயருள்ள அசெம்பிளியை 0.0.0.0 முதல் 12.0.0.0 வரை எந்த எண்ணில் கேட்டாலும் 12.0.0.0-ஐக் கொடு என்று வெப் கான்ஃபிக்கில் எழுதுவது. இது இல்லாமல் பெரிய செயலி எதுவும் ஓடாது. ஒரு நூலகம் ஜேசான் 9-ஐ வைத்துத் தொகுக்கப்பட்டிருக்கும், மற்றொன்று 11-ஐ வைத்து. உங்கள் செயலியில் இருக்கும் ஒரே ஜேசான் 12. மூவரையும் ஒரே வீட்டில் வைக்க இப்படி ஒரு வழி வேண்டியதுதான். அதன் தேவையை நான் மறுக்கவில்லை. அது என்ன செய்கிறது என்பதைப் பலர் உணரவில்லை என்பதே என் குறை. அந்த வரியை எழுதுவது, முன்பின் தெரியாத ஒருவருக்காக நீதிமன்றத்தில் ஜாமீன் கையெழுத்துப் போடுவது போன்றது. ஜேசான் 9-இல் இருந்த ஒவ்வொரு மெத்தடும் 12-இலும் அதே வடிவில் இருக்கிறது என்று நீங்கள் உறுதி தருகிறீர்கள்; இரண்டையும் எழுதியவர் நீங்கள் இல்லை, யாரும் அதைச் சோதிக்கவும் இல்லை. உறுதி பொய்த்தால், ஏற்றும்போது வந்திருக்க வேண்டிய பிழை, அழைக்கும்போது அந்த மெத்தட் இல்லை என்ற பிழையாக, இன்னும் தாமதமாக வரும்.

இந்த மருந்தைக் கொடுத்த விதம் இன்னும் மோசம். டெஸ்க்டாப் செயலிகளுக்கு 4.5.1-இலிருந்து விஷுவல் ஸ்டுடியோ இந்த வரிகளைத் தானாக உருவாக்கித் தரும். வலைச்செயலிக்குத் தராது. வெப் கான்ஃபிக் மூலக் கோப்பாக இருப்பதால் அதைத் தானாகத் திருத்தக் கூடாது என்பது அவர்களின் காரணம். எந்த வகைச் செயலியில் நூலகங்கள் அதிகம் குவியுமோ, சர்வரும் தொகுத்த கணினியும் எங்கே வேறாக இருக்குமோ, அங்கேதான் கையால் எழுத விட்டார்கள். கையால் எழுதுவதில் வரும் விபத்துகளும் தெரிந்தவையே. பேக்கேஜைப் பழைய பதிப்புக்கு இறக்கிவிட்டு ரீடைரக்டை மறந்தால், ‘பின்’ ஃபோல்டரில் இல்லாத எண்ணுக்கு ரீடைரக்ட் அனுப்பும், மருந்தே நோயாகிவிடும். அசெம்பிளி பைண்டிங் என்ற பகுதியின் தலையில் எக்ஸ்எம்எல் பெயர்வெளி அறிவிப்பு விட்டுப்போனால், அந்தப் பகுதி முழுவதையும் இயங்குதளம் ஒரு சொல்லும் சொல்லாமல் புறக்கணிக்கும். அந்த ஒரு விடுபடலைக் கண்டுபிடிக்க ஒரு குழு முழு நாள் திணறியதை நான் பார்த்திருக்கிறேன்.

எண் கொடுத்த வாக்கு பொய்த்த இன்னொரு இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2017-இல் வந்த டாட் நெட் ஸ்டாண்டர்டு 2.0, ஃப்ரேம்வொர்க் 4.6.1-இல் ஓடும் என்று அட்டவணையில் இருந்தது. நடைமுறையில் அந்தப் பொருத்தத்துக்காகப் பல இடைநிலை டிஎல்எல்கள் ‘பின்’ ஃபோல்டருக்குள் வந்து குவிந்தன; சிஸ்டம்.நெட்.எச்டிடிபி 4.2.0.0 கிடைக்கவில்லை என்ற புகார் எங்கும் கேட்டது. பின்னர் மைக்ரோசாஃப்டே 4.7.2-க்கோ அதற்கு மேலோ போவதைப் பரிந்துரைத்தது.

வேறு தளங்கள் இதை எப்படிச் சமாளித்தன என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. நோட் ஜேஎஸ் உலகின் என்பிஎம், நேர் எதிர்த் திசையில் போனது: இரண்டு நூலகங்கள் மூன்றாவதின் இரண்டு பதிப்புகளைக் கேட்டால், இரண்டையுமே நிறுவிவிடு, அவரவர் பிரதி அவரவருக்கு. முரண் என்ற பேச்சே இல்லை. சிறிய, உள்நிலை எதையும் வைத்துக்கொள்ளாத நூலகங்களுக்கு இது அருமையான விடை. ஆனால் ரியாக்ட் போல ஒரே ஒரு பிரதி மட்டுமே இருக்க வேண்டிய நூலகத்துக்கு இது ஒத்துவராது. 2019-இல் ஹூக்ஸ் வந்த பிறகு, பக்கத்தில் இரண்டு ரியாக்ட் பிரதிகள் இருந்தால் ஹூக் தவறாக அழைக்கப்பட்டது என்று ஒரு பிழை வரும். நிரலில் தவறே இருக்காது. இதைத் தடுக்க உள்ள பியர் டிபென்டன்சி அறிவிப்புகளை என்பிஎம் 7, 2020-இல் கண்டிப்பாகப் பார்க்கத் தொடங்கியது. பலரும் செய்தது என்ன? பழைய நடத்தைக்குத் திரும்பும் ஒரு கொடியைக் கட்டளையில் சேர்த்துப் பிழையை வாயடைத்தார்கள். ரீடைரக்டின் மறுபிறவி அது. அங்கேயும் 2016 மார்ச்சில், லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நூலகத்தை அதன் ஆசிரியர் பதிவகத்திலிருந்து நீக்கியதும் எங்கெங்கோ பில்ட்கள் உடைந்தன. வெளியே இருக்கும் பொது இடத்தை நம்பியதன் விலை அங்கும் ஒன்றுதான். பிறகு 2017-இல் என்பிஎம் 5, நிறுவிய பதிப்புகளைத் துல்லியமாகப் பதிந்துவைக்கும் லாக் கோப்பை இயல்பாக்கியது. என்பிஎம்மிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த லாக் கோப்பு. பிரதிகளைப் பெருக்கும் முறை வேண்டாம்.

2016 ஜூனில் வந்த டாட் நெட் கோர், மேலே சொன்ன குறைகளில் பெரும்பாலானவற்றைத் திருத்தியது. பொதுக் கிடங்கு இல்லை. கேட்ட எண்ணோ அதற்கு மேலோ கிடைத்தால் ஏற்றுக்கொள்ளும், குறைவானது கிடைத்தால் மறுக்கும். எனவே கையால் ரீடைரக்ட் எழுத வேண்டியதில்லை. எது எங்கிருந்து வர வேண்டும் என்பதைத் தொகுக்கும்போதே ஒரு கோப்பில் எழுதிவிடும். வெவ்வேறு பெரிய பதிப்புகள் ஒரே சர்வரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பெயரிலேயே உண்மையான எண் இருக்கும். வேண்டுமானால் இயங்குதளத்தையே செயலியோடு கட்டி அனுப்பலாம். சர்வரில் ஃப்ரேம்வொர்க் இல்லையென்றால் ஐஐஎஸ் 500.31 என்று தனி எண்ணோடு சொல்லும். பேக்கேஜ் ஒன்று தேவைக்குக் குறைவான பதிப்புக்கு இறங்கினால் நியூகெட் தொகுக்கும் முன்பே என்யூ1605 என்று நிறுத்தும். சோதனை கடைசியில் வாசலுக்கு வந்துவிட்டது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய இரண்டு விஷயங்கள் கனமானவை. மேல் எண் எதுவானாலும் ஏற்பது என்பது, எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதிய ஒரு ரீடைரக்ட்தான். மெத்தட் இல்லை என்ற பிழை கோரிலும் வரும். கண்டிப்பைப் புகழ்ந்த நான் இந்தத் தளர்வை ஏன் ஏற்கிறேன்? இங்கே மேல் எண் எது என்பதைச் செயலியின் கட்டுமானமே முடிவு செய்கிறது. விண்டோஸ் அப்டேட்டோ பக்கத்துச் செயலியோ அதை மாற்ற முடியாது. லாக் கோப்பும் சேர்ந்தால், சோதித்த அதே தொகுப்புதான் சர்வரில் ஓடும். எண் பொருந்துவதைவிட, சோதித்ததும் ஓடுவதும் ஒன்றாக இருப்பதே எனக்கு முக்கியம்.

இரண்டாவது எதிர்வாதத்தை என்னால் முழுதாகக் கழிக்க முடியவில்லை. 2014-இன் திருத்தம் பில்ட்களை உடைத்தது உண்மை; ஆனால் தன் செயலியில் குறை இருக்கிறது என்றே அறியாத பலரின் சர்வர்களையும் அது காப்பாற்றியது. செயலியோடு எல்லாவற்றையும் கட்டி அனுப்பினால் அந்தப் பாதுகாப்புப் போய்விடுகிறது. ஒவ்வொரு செயலியையும் யாராவது மறுபடி தொகுத்து ஏற்ற வேண்டும். காலமும் குறுகியது. நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கும் மூன்றே ஆண்டுகள். கோரின் வழியில் 2021-இல் வந்த டாட் நெட் 6-இன் ஆதரவு 2024 நவம்பரில் முடிந்துவிட்டது. ஃப்ரேம்வொர்க் 4.8-ஓ அது இருக்கும் விண்டோஸின் ஆயுள் வரை ஆதரவோடு இருக்கும். ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரர் போய்விட்ட செயலிக்கு, பழைய முறையே பாதுகாப்பானது என்று ஒருவர் வாதிட்டால் அதில் உண்மை இருக்கிறது. இதற்கு நடுவழி, இயங்குதளத்தைச் சர்வரில் விட்டு நூலகங்களை மட்டும் செயலியோடு அனுப்புவது. அப்போது இயங்குதளத்தின் சிறு திருத்தங்கள் நிர்வாகி ஏற்றியதும் தானாகச் சேரும். பராமரிக்க ஆள் நிலையாக இல்லாத இடங்களில் இந்த நடுவழியையே தேர்ந்தெடுக்க வேண்டும்; இயங்குதளத்தையும் கட்டி அனுப்புவது, தொடர்ந்து தொகுத்து ஏற்றும் குழு உள்ளவர்களுக்கு மட்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. ரெஃபரன்ஸ் காணாமல் போவதற்கும் பதிப்பு முரணுக்கும் முதல் பொறுப்பு, பழைய ஃப்ரேம்வொர்க்கின் பொதுக் கிடங்குக்கும், ஒரே எண்ணின் கீழ் உள்ளடக்கத்தை மாற்றிய முடிவுக்கும். கண்டிப்பான அடையாள விதிக்கு இதில் பங்கு மிகக் குறைவு. எழுதுபவரின் கவனக்குறைவு அதற்கும் பிறகுதான். புதிதாகத் தொடங்கும் எந்த வலைச்செயலிக்கும் கோரின் வழியே சரி.

நகர முடியாதவை இருக்கின்றன. வெப் ஃபார்ம்ஸில் எழுதியவற்றுக்குக் கோரில் இடமே இல்லை, அவை 4.8-இலேயே பல ஆண்டுகள் ஓடும். அவற்றை வைத்திருப்பவர்கள் ஃப்ரேம்வொர்க்கின் சொந்த அசெம்பிளிகளைத் தவிர வேறெதையும் பொதுக் கிடங்கிலிருந்து சுட்டக் கூடாது. யாருடைய கணினியிலிருந்தோ எடுத்த டிஎல்எல்லை ‘பின்’ ஃபோல்டரில் போடுவதை ஒரு தீர்வாகவே எண்ணக் கூடாது. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத கோப்பு அடுத்த டிப்ளாயில் காணாமல் போகும். தொகுப்பது எப்போதும் விஷுவல் ஸ்டுடியோவின் பழைய மிச்சங்கள் இல்லாத தனிக் கணினியில் நடக்க வேண்டும். தன் கணினியில் ஓடுகிறது என்ற பேச்சுக்கு அங்கே இடமிருக்காது. ஒரே அசெம்பிளியின் இரு பதிப்புகள் மோதுகின்றன என்று சொல்லும் எம்எஸ்பி3277 எச்சரிக்கையைப் பில்ட்டை நிறுத்தும் பிழையாக உயர்த்த வேண்டும். ரீடைரக்டுகளை நியூகெட்டின் கட்டளையைக் கொண்டே எழுத வேண்டும். பேக்கேஜ் மாறும் ஒவ்வொரு முறையும் அவற்றின் எண்களை ‘பின்’ ஃபோல்டரில் உள்ளவற்றோடு ஒப்பிட ஒரு சிறு ஸ்கிரிப்ட் போதும். எச்டிடிபி ரன்டைம் வரியில் எந்தப் பதிப்பு என்று தெரிந்தே எழுத வேண்டும். பழைய செயலியில் அதை 4.0-இலிருந்து 4.8-க்கு உயர்த்துவது ஒரு வரி மாற்றம் என்று நினைக்காமல், லாகின், குக்கீ, அசிங்க் பகுதிகள் எல்லாவற்றையும் மறுபடி சோதித்த பிறகே சர்வருக்கு அனுப்ப வேண்டும்.